விமானத்துக்கு ஒன்று, நடைபாதைக்கு ஒன்று

...ஆனால் ‘வாங்கி வையுங்க’ என்றுதானே சொன்னாள், ‘எங்கேயாவது இரவல் கிடைக்குமா பாருங்க’ என்று சொல்லவில்லையே, இரவல் என்றால் போகப் போகிறாள், வாங்குவது என்றால் இருக்கப் போகிறாள், இதில் குழப்பம் எதற்கு, ஆனால் அதே மூச்சில் ‘சின்னதா, மடக்குற மாதிரி’ என்றும் சொன்னாளே, சின்னது என்றால் விமானத்தில் ஏறும், விமானத்தில் ஏறினால் ஆஸ்லோவுக்குத்தான் போகும், அப்படியென்றால் போகப் போகிறாள்... திஹோமிர் குழந்தை வண்டிக் கடையின் வாசலில் பத்துக் கிலோ சிவப்புக் குடைமிளகாய்ச் சாக்கை இறக்கி வைத்துவிட்டு, கண்ணாடிக்கு உள்ளே வரிசையாக நின்ற வண்டிகளைப் பார்த்தார், அவையும் அவரைப் பார்த்தன, எந்தப் பக்கமும் அவசரம் காட்டவில்லை. குடைமிளகாயிலும் இதே தகராறுதான், சற்று முன் கலெனிச் சந்தையில் ஒரு சாக்கா இரண்டு சாக்கா என்று நின்று நின்று, பின்னால் நின்றவர்கள் முனக ஆரம்பித்த பிறகு ஒன்றை வாங்கினார், மகள் நெவெனாவுக்கு ஐவார்த் துவையல் என்றால் உயிர், மிளகாயைச் சுட்டு, தோலுரித்து, அரைத்து, எண்ணெயில் கிண்டிப் புட்டியில் அடைத்தால், வந்துவிட்டுப் போகிற மகளுக்கு ஒரு சாக்கு தாராளம், குளிர்காலம் முழுக்க இருக்கிற மகளுக்கு அது எந்த மூலைக்கு, ஆகவே இந்த ஒரு சாக்கு என்பது இடைக்கால உத்தரவு மட்டுமே, மேல்முறையீட்டுக்கு உட்பட்டது, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், சொன்னதும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது, சட்டமொழி எப்போதும் அப்படித்தான், வெந்நீர் ஒத்தடம் மாதிரி, நோய் போகாது, சூடு மட்டும் இதமாக இருக்கும்.

பாதி ஆயுளைக் குடும்ப வழக்குகளில் கழித்தவர் அவர், பெல்கிரேடில் பிரிந்த தம்பதிகளில் கணிசமான பேரை அவர்தான் பிரித்து வைத்தார், வீட்டைப் பிரித்தார், காரைப் பிரித்தார், ஒரு முறை ஒரு வேட்டை நாயைப் பிரித்தார், திங்கள் முதல் வியாழன் வரை அவனிடம், மீதி நாள் அவளிடம், நாய் ஆட்சேபிக்கவில்லை... பிள்ளைகள் யாரிடம் வளர வேண்டும் என்பதைக்கூடப் பெரும்பாலும் மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுவார், சூப் ஆறுவது அவருக்குப் பிடிக்காது. அப்பேர்ப்பட்ட மனிதர், ஓய்வு பெற்ற பிறகும் குடியிருப்பில் எல்லாரும் ‘நீதிபதி ஐயா’ என்று அழைக்கிற மனிதர், குப்பைத் தொட்டியை எங்கே வைப்பது என்ற விவகாரத்தில்கூட எழுத்துப்பூர்வமாகக் கருத்துக் கேட்கப்பட்ட மனிதர், ஒரு தள்ளுவண்டிக் கடைக்குள் நுழையப் பயந்து வாசலில் நிற்கிறார் என்றால்... பயம் இல்லை, பயம் என்று எழுத வேண்டாம், ‘கூடுதல் தகவல் தேவைப்பட்டது’ என்று எழுதலாம். அவருக்கு மனதில் எதுவும் இப்படித்தான் ஓடும், நீதிமன்றத்தில் சாட்சி பேசுவார், நீதிபதி கேட்பார், பிறகு தட்டச்சுக்காரி பக்கம் திரும்பித் தம் சொற்களில் சொல்லுவார், அதுதான் பதிவு, சாட்சி வாயிலிருந்து வந்தது காற்றோடு போய்விடும். ஒரு பெண் அழுதுகொண்டே, ‘அந்தாளு ஒரு நாளாவது என்னப் பாத்து சாப்டியான்னு கேட்டிருப்பானா’ என்றாள், அவர் திரும்பி, ‘தம்பதியரிடையே போதிய தகவல் பரிமாற்றம் நிலவவில்லை’ என்றார், தட்டச்சுக்காரி ராத்மிலாவின் விரல்கள் ஒரு கணம் அந்தரத்தில் நின்றன, பிறகு தட்டின. என்ன தவறு அதில்? சுருக்கமாகவும் கண்ணியமாகவும் இருந்தது. நெவெனா கைப்பேசியில் அனுப்பிய குரல் பதிவையும் அவர் அப்படித்தான் மனதுக்குள் ஏற்றி வைத்திருந்தார், ‘மகள், வரும் வெள்ளியன்று ஒன்றரை வயதுக் குழந்தை ரூனாவுடன் வருவதாகவும், அளவில் சிறிய, மடங்கக்கூடிய தள்ளுவண்டி ஒன்று தேவை என்றும் தெரிவிக்கிறாள்.’ மருமகன் எய்விண்டைப் பற்றி எதுவும் கூறப்படவில்லை, திரும்பும் தேதி குறித்தும் எதுவும் கூறப்படவில்லை. கேட்கப்படவும் இல்லை.

அதுதான் இடிக்கிறது, ஏன் கேட்கவில்லை? முன்பெல்லாம் வீடியோவில் பேசும்போது பின்னால் அந்த நெட்டை மருமகன் தோளில் துண்டோடு வந்து கையாட்டிவிட்டுப் போவான், இப்போது சில மாதங்களாகக் கை வருவதில்லை, ‘வேலைக்குப் போயிருக்காருப்பா’ என்கிறாள், ஞாயிற்றுக்கிழமையிலுமா, அதோடு அவளுக்குப் பின்னால் இருந்த மஞ்சள் சுவர் இப்போது வெள்ளையாக இருக்கிறது, சுவருக்கு வண்ணம் அடித்தார்களா, சுவரையே மாற்றினார்களா, அதாவது வீட்டை... எல்லாவற்றையும் கவனித்தார், கவனிப்பதற்குத்தானே சம்பளம் வாங்கினார், ஆனால் வாயைத் திறந்தால் அங்கே குளிர் எப்படி என்றுதான் வருகிறது. நீ இங்கேயே இருந்துவிடப் போகிறாயா என்று கேட்டால், இருந்துவிடாதே என்று அவள் காதில் விழுந்தால்? எப்போது திரும்பிப் போகிறாய் என்று கேட்டால், சீக்கிரம் கிளம்பு என்று விழுந்தால்? இரண்டுமே பதிலைத் திணிக்கிற கேள்விகள், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து நிற்பார். நெவெனாவின் அம்மா ஸ்லாவிட்சாவுக்குத் தெரிந்திருக்கும், இவரைப் பிரிந்து நோவி சாத் நகரில் அந்தப் பல் டாக்டரோடு இருக்கிறாள், அவளுக்கு ஒரு போன் போட்டால் போதும், ஆனால் போட்டால் இவருக்குத் தெரியாது என்பது அவளுக்குத் தெரிந்துவிடும், அதற்கு இந்தக் குடைமிளகாய்ச் சாக்கை அப்படியே பச்சையாகத் தின்றுவிடலாம். இந்தக் குடும்பத்தில் முதலில் கேட்பவர் தோற்றவர், அது சட்டத்தில் இல்லை, ஆனால் சட்டத்தைவிட ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

“உள்ள வாங்க சார், வாசல்ல நின்னு யாரும் வண்டி வாங்கினதில்ல.” சிகரெட்டை அணைத்துக்கொண்டே கடைக்காரி கதவைத் திறந்து பிடித்தாள், சட்டையில் குத்தியிருந்த அட்டையில் பிஸெர்கா என்று இருந்தது. “மிளகாயையும் எடுத்துக்கங்க, இது சந்தைத் தெரு, தேவாலயம் இல்ல. தேவாலயமா இருந்தாலும் நான் வெளிய வைக்க மாட்டேன்.” அவர் சாக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார், இடுப்பு ஒரு ஆட்சேபணையைப் பதிவு செய்தது, நிராகரித்தார். உள்ளே நிறைமாதத்தில் ஒரு பெண்ணும் அவள் மாமியாரும் நின்றிருந்தார்கள், இரண்டு பேரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அருங்காட்சியகத்தில் நிற்பதுபோல, எதையும் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பிறக்கும் முன்னால் தொட்டால் ஆகாது, வாங்கினால் ஆகாது, வாங்கினாலும் வீட்டுக்குக் கொண்டுபோனால் ஆகவே ஆகாது. “யாருக்கு சார் வண்டி?” “ஒரு குழந்தைக்கு.” “அது தெரியுது, உங்களுக்கான்னு நான் கேக்கல. எவ்வளவு கிலோ இருக்கும்?” எவ்வளவு இருக்கும்? கைப்பேசித் திரையில் பார்த்த முகத்துக்கு எடை ஏது... “சராசரி,” என்றார். “சராசரியா? என் மூத்தவன் பொறந்தப்பவே சராசரியத் தாண்டிட்டான். சரி விடுங்க, மக வெளிநாடா?” அவர் பதில் சொல்வதற்குள் அவளே தலையாட்டிக்கொண்டாள், “இந்தப் பேட்டையில எந்தத் தாத்தாவோட மக வெளிநாடு இல்ல?” தாத்தா. சார் எங்கே போனார்? இரண்டு நிமிடத்துக்குள் பதவி இறக்கம், விசாரணைகூட இல்லாமல்.

இடது பக்கம் சின்ன வண்டிகள், வலது பக்கம் பெரிய வண்டிகள், நடுவே அவர், தராசு முள் மாதிரி. பிஸெர்கா இடது பக்கமிருந்து சாம்பல் நிறத்தில் ஒன்றை உருவி எடுத்தாள், சக்கரங்கள் தேநீர்க் கோப்பைத் தட்டு அளவுக்குத்தான் இருந்தன, “இது அப்படியே விமானத்துக்குள்ள போயிரும், தலைக்கு மேல இருக்கிற தட்டுல வச்சிரலாம், ஒரே கையால, கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள மடங்கிரும், பாருங்க,” என்று ஒரு கையால் அழுத்தினாள், பிறகு இரண்டு கையால், பிறகு முழங்காலையும் சேர்த்துக்கொண்டாள், வண்டி அசையவில்லை, தூதரக அதிகாரி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றது. “புதுசு, அதான் இறுக்கம்.” சிறிது நேரம் அதோடு போராடிவிட்டு, “நீங்க தள்ளிப் பாருங்க, அதுக்குள்ள நான் அந்தப் படம் போட்ட தாள எடுத்துட்டு வரேன்,” என்று போனாள். அவர் கைப்பிடியைப் பிடித்து இரண்டடி தள்ளினார், அவ்வளவுதான், மாமியார் போட்ட கத்தலில் கடையே அதிர்ந்தது, “ஐயையோ, காலி வண்டியத் தள்ளாதீங்க! நிறைமாசக்காரி நிக்கிறது கண்ணுக்குத் தெரியல? படிச்ச மனுஷன் மாதிரி இருக்கீங்க!” படித்த மனிதர்தான், மூடநம்பிக்கை குறித்து ஒரு தீர்ப்பில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறார், மேல் நீதிமன்றம் அதைப் பாராட்டியது, பாராட்டிவிட்டுத் தீர்ப்பை ரத்து செய்தது, அது வேறு விஷயம். காலி வண்டியைத் தள்ளக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார், ஆனால் கை தானாகப் போய்க் குடைமிளகாய்ச் சாக்கைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்தது, வாரையும் மாட்டியது. சோதனை முறையில், எடைக்காக, வேறு காரணம் எதுவும் இல்லை. “ஆங், இப்ப சரி,” என்றாள் மாமியார். சாக்கு சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

படம் போட்ட தாளைத் தேடிப் பிஸெர்கா பின்னறைக் கதவைத் திறந்தபோது உள்ளே தெரிந்தது, வரிசை வரிசையாக வண்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பப் பெயர் எழுதிய சீட்டு, எல்லாம் விற்றவை, ஆனால் உரியவர் இன்னும் பிறக்கவில்லை, பிறந்த அன்று தகப்பன் ஓடிவந்து எடுத்துப் போவான், அதுவரைக்கும் இங்கே காவலில். நெவெனா பிறந்த வருஷம் இப்படியெல்லாம் இல்லை, நாடே பிய்ந்துகொண்டிருந்தது, கடையில் ஒரே ஒரு வண்டி, நீலம், வேண்டுமானால் எடு, வேண்டாமானால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நட, எவ்வளவு நிம்மதி, அரசாங்கமே முடிவெடுத்து வைத்திருந்தது, மனிதன் கையெழுத்து மட்டும் போட்டால் போதும்... இப்போது பார், எத்தனை வகை, ஒன்றில் கைப்பிடி திரும்பும், ஒன்றில் கோப்பை வைக்க இடம், யாருக்குக் கோப்பை, ஒன்றில் கூரைக்குப் பின்னால் காற்றோட்டத்துக்கு வலை. வலையைப் பார்த்ததும் மாமியாருக்கும் அவருக்கும் முதல் முறையாகக் கருத்து ஒற்றுமை ஏற்பட்டது. “பின்னாடி வலை, முன்னாடி தொறப்பு. குறுக்குக் காத்து அப்படியே பிள்ள கழுத்துல அடிக்கும். யார் செஞ்சான் இத, பிள்ளையப் பெறாதவனா?” குறுக்குக் காற்று என்ற சொல்லைக் கேட்டதுமே கர்ப்பிணி தன்னையறியாமல் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டாள், திஹோமிரும் தன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டார், விஞ்ஞானம் ஒரு பக்கம் இருக்கட்டும், கழுத்து நம்முடையது. ஆனால் ஆஸ்லோவில் என்ன செய்கிறார்கள், போன குளிர்காலத்தில் நெவெனா ஒரு படம் அனுப்பினாள், வெளியே மாடத்தில், பனிக்குள், வண்டியில் ரூனா தூங்குகிறாள், கன்னம் இரண்டும் தக்காளி, ‘இங்க எல்லாரும் இப்படித்தான்பா தூங்க வைப்பாங்க’ என்று அடியில் எழுதியிருந்தாள், அவர் அன்று முழுக்கத் தூதரகத்தின் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பனியில் தூங்குகிற பிள்ளைக்கு இந்த வலை ஒரு பொருட்டா? அல்லது, இங்கே வந்துவிட்டால் அதுவும் இங்கத்திய பிள்ளை ஆகிவிடுமா, அதற்கும் குறுக்குக் காற்று பட ஆரம்பித்துவிடுமா? எத்தனை நாளில்?

“இங்கயே இருக்கப் போற பிள்ளைன்னா இது,” பிஸெர்கா தாள் கிடைக்காமலேயே திரும்பி வந்து வலது பக்கத்துப் பெரிய வண்டியைத் தட்டினாள், மூன்று சக்கரம், ஒவ்வொன்றும் காற்றடித்த டயர், எருமைக் கன்று மாதிரி நின்றது, “நம்ம நடைபாதைய நீங்களே பாக்குறீங்க, பாதியில கார நிறுத்தி வச்சிருக்கான், மீதியில குழி, அந்தச் சின்னச் சக்கரம் ஒரு குழியில சிக்குச்சுன்னா பிள்ள முன்னாடி போகும், வண்டி பின்னாடி நிக்கும். இது எதுலயும் ஏறும். வந்துட்டுப் போற பிள்ளைன்னா அந்தச் சின்னது போதும். எது, இருக்கிற பிள்ளையா, போற பிள்ளையா?” மூன்று பெண்களும் அவரைப் பார்த்தார்கள். கேள்வி இவ்வளவு சின்னதா? இதைத்தானே அவர் ஒரு வாரமாகச் சுற்றிச் சுற்றி வந்தார், இவள் ஈரத் துணியால் மேசை துடைப்பதுபோலக் கேட்டுவிட்டாள். “அது... விசாரணையில இருக்கு,” என்றார். “என்னது?” “இன்னும் தெரியல.” “மககிட்ட கேக்க வேண்டியதுதானே?” என்றாள் மாமியார். “கேக்கலாம்.” “அப்ப கேளுங்க!” “அத்தே, விடுங்களேன், அவர் பாட்டுக்கு வாங்கட்டும்,” என்று கர்ப்பிணி முதல் முறையாக வாயைத் திறந்தாள், “நீ சும்மா இரு, உனக்கு மூச்சு வாங்கும்,” என்று அத்தை அதை மூடினாள்.

அவர் எருமையின் கைப்பிடியில் கை வைத்தார். தோல் உறை, கெட்டியாக, நம்பிக்கையாக, பழைய நீதிமன்ற நாற்காலியின் கைப்பிடி மாதிரி இருந்தது... இதை எந்த விமானத்திலும் ஏற்ற முடியாது, இதைச் சாத்தானாலும் மடக்க முடியாது, வெள்ளிக்கிழமை அவள் வந்து கதவைத் திறந்ததும் கூடத்தின் நடுவில் இது நிற்கும், பார்த்ததுமே புரியும், அப்பா எதையும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை, ஒரு வண்டியை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறார், போவதானால் இதை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கேள்வியே இல்லாமல் ஒரு தீர்ப்பு, அதுவும் சக்கரம் வைத்தது. அட, இது எங்கேயோ கேட்டதாக இருக்கிறதே, ஒருத்தன் பிள்ளையைத் தன்னோடு வைத்துக்கொள்ள ஒரு குதிரைக்குட்டி வாங்கிக் கட்டிவிட்டு நீதிமன்றத்துக்கு அதன் படத்தோடு வந்தான், அவனுக்கு அவர் எவ்வளவு நேரம் உபதேசம் செய்தார், பிள்ளை என்பது பரிசுப் பொருள் அல்ல ஐயா என்று, மேசையைத் தட்டி... சரி, குதிரை வேறு, தள்ளுவண்டி வேறு, குதிரை சாப்பிடும். பெரியதை எடுத்துவிடலாமா? எடுத்தால் அவள் முகம் எப்படிப் போகும், வெளிச்சமாகுமா, அல்லது, ‘அப்பா, நான் சொன்னது இது இல்லையே’ என்று அந்தப் பழைய பொறுமையோடு, அவள் அம்மாவிடமிருந்து வந்த பொறுமையோடு...

அந்த நேரம் பார்த்துப் பின்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம். பிஸெர்கா அவருக்குத் தெரியாமல் சின்ன வண்டியோடு மறுபடி மல்லுக்கட்டியிருக்கிறாள், இந்த முறை அது சொன்னபடியே ஒரே நொடியில் மடங்கிவிட்டது, உள்ளே சாக்கோடு. சாக்கின் வாய் பிளந்து குடைமிளகாய்கள் கடை முழுக்க உருண்டன, பெரிய வண்டிகளின் சக்கரங்களுக்கு அடியில், பின்னறை வாசல் வரை, கர்ப்பிணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், “சிரிக்காத, இங்கயே பெத்துருவ,” என்று மாமியார் அதட்டினாள், அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு மட்டும் வரவில்லை. நசுங்கிய ஒரு மிளகாயிலிருந்து சிவப்பு வடிந்துகொண்டிருந்தது. “பிள்ள உள்ள இருந்தா?” “பிள்ள இருந்தா மடங்காது தாத்தா.” “மிளகா இருந்தா மடங்குதே.” “மிளகாய்க்கு வார் போடல இல்ல?” “போட்டேன்மா. நானே போட்டேன்.” பிஸெர்கா வாரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், “அப்ப இந்தப் பூட்டுல ஏதோ கோளாறு, உள்ள இன்னொண்ணு இருக்கு, வேற மாதிரி, அது நல்லது, நான் முதல்லயே அதத்தான் காட்டியிருக்கணும்,” என்று வெட்கமில்லாமல் சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் மண்டியிட்டு மிளகாய் பொறுக்க ஆரம்பித்தார், அலமாரிக்கு அடியில் கையை விட்டபோதுதான், யாருக்கும் முகம் தெரியாத அந்த நிலையில்தான், கைப்பேசியை எடுத்து மகளை அழைத்தார். வலையைப் பற்றி மட்டும் கேட்கலாம், வலை வேண்டுமா வேண்டாமா, வேறு எதுவும் இல்லை, தொழில்நுட்ப விளக்கம். “அப்பா? என்னப்பா, உடம்புக்கு ஒண்ணுமில்லயே?” “ஒண்ணுமில்ல, கடையில இருக்கேன், வண்டி... பின்னாடி வலை வச்சது இருக்கு, குறுக்குக் காத்து வருமான்னு...” “வலை இருந்தா இருந்துட்டுப் போகுதுப்பா.” “இன்னொண்ணு இருக்கு, பெருசு, நல்ல சக்கரம், எதுலயும் ஏறும்னு...” “பெருசு வேணாம்பா. அன்னிக்கே சொன்னேனே, உங்களால தூக்க முடியற மாதிரி ஒண்ணு பாருங்கன்னு. நாலு மாடி. அந்த லிஃப்ட்ட நம்பி என்ன பண்ணுவீங்க, ஒரு கையில அவ, ஒரு கையில வண்டி. தூக்கிப் பாத்து வாங்குங்க.” “நானா?” “பின்ன?” பின்னால் குழந்தையின் குரல், ஏதோ விழுகிற சத்தம், “ஒரு நிமிஷம்டா... அப்பா, மொத வாரம் நானும் இருப்பேன்ல, அதுக்குள்ள அவ உங்ககிட்ட ஒட்டிக்குவா. அப்புறம்... எல்லாம் நேர்ல சொல்றேனே. போன்ல வேணாம். நீங்க சரின்னு சொன்னீங்க பாருங்க, அன்னிக்கு ராத்திரிதான் நான் ஒழுங்கா தூங்கினேன்.” “சரி,” என்றார் அவர். மறுபடியும் சரி.

மொத வாரம் நானும். நானும் என்றால்... இருக்கிறதா போகிறதா என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தாரே தவிர, யார் இருக்கிறது, யார் போகிறது என்று பிரித்துக் கேட்கவே இல்லையே, பாதி ஆயுள் பிரிப்பதிலேயே போன மனிதர். அவள் போகப் போகிறாள். பிள்ளை இருக்கப் போகிறது. எத்தனை நாளைக்கு, ஒரு மாதமா, குளிர்காலம் முழுக்கவா, எய்விண்ட் எங்கே, வீடு எங்கே, வேலை எங்கே, கிடைக்கிற வரைக்குமா, முடிகிற வரைக்குமா... மூன்றாம் மாடி ஓட்டுநரின் பேரன் பள்ளிக்கூடம் போகும் வரை இங்கேதான் வளர்ந்தான், அவன் அப்பா அம்மாவுக்கு மியூனிக்கில் வேலை, யாரும் அதை ஒரு சம்பவமாகக்கூட நினைக்கவில்லை, எல்லா வீட்டிலும் நடப்பதுதான், ஆனால் நடப்பது எப்போதும் பக்கத்து வீட்டில்தானே. ‘உங்களால தூக்க முடியற மாதிரி’ என்று அவள் அன்றே சொன்னாளா? சொல்லியிருக்கிறாள், இப்போது ஞாபகம் வருகிறது, கடைசியில், குரல் கொஞ்சம் இறங்கி, ‘உங்களால தூக்க முடியற மாதிரி ஒண்ணு, சரியாப்பா?’ என்றாள், அவர் அதை அக்கறை என்று எடுத்துக்கொண்டார், வயதானவர்களிடம் பேசுகிற மரியாதை, பதிவுக்கு அவசியமில்லை என்று விட்டுவிட்டு ‘சரி’ என்று ஒரு வார்த்தை அனுப்பினார். அந்த ஒரு வார்த்தையில் அவள் தூங்கியிருக்கிறாள். ஒரு பிள்ளையை ஏற்றுக்கொண்டதே தெரியாமல் ஒருத்தர் ஏற்றுக்கொள்ள முடியுமா? செல்லாது என்று வாதிடலாம், தகவல் முழுமையாக இல்லாத சம்மதம்... வாதிடுவதா, யாரிடம்?

“தாத்தா, தரையிலயே குடியிருக்கப் போறீங்களா?” பிஸெர்கா வேறொரு சின்ன வண்டியோடு நின்றாள், கறுப்பு. மாமியார் குனிய முடிந்த வரை குனிந்து மிளகாய்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள், “கேட்டீங்களா மககிட்ட? என்ன சொன்னா, இருக்காளா, போறாளா?” “ரெண்டும்,” என்றார். “அது எப்படி ரெண்டும்?” என்று ஆரம்பித்தவள் அவர் முகத்தைப் பார்த்தாள், என்ன பார்த்தாளோ, மேற்கொண்டு கேட்கவில்லை, இந்த ஊரில் அவள் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அவர் எழுந்து கறுப்பு வண்டியை மடக்கச் சொன்னார், வாருக்குள் மிளகாயை வைத்து மடக்கிப் பார்க்கச் சொன்னார், மடங்கவில்லை, எடுத்துவிட்டு மடக்கச் சொன்னார், மடங்கியது, பிறகு வலது கையால் தூக்கினார். கனம் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் தூக்கியே நின்றார், நாலு மாடி ஏறுகிற நேரத்தை மனதில் நினைத்துக்கொண்டு, இடது கை சும்மா தொங்கியது, அதை மடக்கி மார்போடு வைத்துப் பார்த்தார், அங்கே இருக்க வேண்டியது எவ்வளவு கனம் என்று இன்னும் தெரியவில்லை. இடுப்பு ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் விட்டது. “இதுதான்,” என்றார், அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது, தீர்ப்பு சொல்கிற குரல் இல்லை, கறிக்கடையில் எலும்பு வேண்டாம் என்று சொல்கிற குரல். “விமானத்துக்குள்ள போயிரும்,” என்று பிஸெர்கா பழக்க தோஷத்தில் சொன்னாள். “போகாது,” என்றார் அவர்.

காலி வண்டியை வீதியில் தள்ளிப் போக முடியாது, ஆகவே சாக்கு மறுபடி உள்ளே ஏறியது, வாரும் மாட்டப்பட்டது, கடைக்காரி சொன்னபடியே சின்னச் சக்கரங்கள் குழிக்குக் குழி சிக்கின, காருக்குக் கார் சுற்றிக்கொண்டு புலெவார் என்கிற பெரிய சாலைக்கு வந்து ஏழாம் எண் டிராமுக்கு நின்றார். மகிழ்ச்சியாக இருக்கிறதா என்று தன்னையே கேட்டுக்கொண்டார், யாராவது இருக்க வேண்டும் என்றுதானே ஒரு வாரமாக ஆசைப்பட்டார், யாரோ இருக்கப் போகிறார்கள், ஆனால் வேறு யாரோ, மகளைக் கேட்டு மனுப் போட்டவனுக்குப் பேத்தியைக் கொடுத்த மாதிரி... வருத்தமா? வருத்தம் என்றும் எழுத முடியவில்லை. நிறுத்தத்தில் நின்ற ஒரு பெண், கையில் பாதி தின்ற புரெக் அப்பத்தோடு, வழக்கப்படி வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள், “அட, அழகா இருக்கே! யார் சாயல், அப்பாவா?” என்று சிரித்தாள். அவரும் சிரிக்க முயன்றார். “பேத்திக்கா? எத்தன வயசு?” “ஒன்றரை.” “பேச ஆரம்பிச்சுட்டாளா?”

பேசுகிறாளா? போன ஞாயிற்றுக்கிழமை திரையில் அவள் எங்கோ பக்கவாட்டில் கையை நீட்டி ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள், அவர் கை தட்டினார், சபாஷ் என்றார், அவள் இன்னும் பலமாகச் சொன்னாள், அவர் இன்னும் பலமாகத் தட்டினார், கடைசியில் அவள் அழ ஆரம்பித்தாள், நெவெனா வந்து தூக்கிக்கொண்டு போய் ஒரு குவளையோடு திரும்பினாள். தண்ணீர். அவள் தண்ணீர் கேட்டிருக்கிறாள். எந்த மொழியில் கேட்டாள்? நெவெனா அவளிடம் எந்த மொழியில் பேசுகிறாள், அந்த நெட்டையன் எந்த மொழியில், நாளைக்கு நாலாவது மாடியில், அம்மா போன பிறகு, இருவர் மட்டும் இருக்கும்போது, அவள் ஏதோ ஒரு சத்தம் போட்டால், அது தண்ணீரா, பசியா, அம்மா எங்கே என்பதா... அவருக்கு அந்தச் சத்தத்தை ஞாபகப்படுத்திப் பார்க்க வேண்டும்போல் இருந்தது, உதட்டைக் குவித்தார், விரித்தார், வரவில்லை. டிராம் வந்து கதவு திறந்தது, பின்னால் யாரோ ஏறுங்க ஏறுங்க என்றார்கள், அவர் ஒரு கையால் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி உள்ளே வைத்து, மறு கையால் கைப்பேசியில் மகளின் எண்ணைத் தேடி அழுத்தினார், இதைக் கேட்டுவிடலாம், இதைக் கேட்பதில் தோல்வி ஒன்றும் இல்லை, ‘நெவெனா, அவ தண்ணிக்கு என்ன சொல்லுவா?’... மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.